தளி மேட்டுக்கு ஒரு கியர்

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 2022ல், மிதிக்கிற வேகத்தையும் அழுத்தத்தையும் பார்த்துத் தானே கியர் மாற்றும் மின்சார சைக்கிள் அமைப்பைக் கொண்டுவந்தது. இந்த வசதி முதலில் வந்துசேர வேண்டிய இடம் ஓசூர் பக்கத்துத் தளி என்பேன். ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற பக்கம் இது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் கியர் கிடையாது. மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளுகிறார்கள், கேரியரில் புத்தகப் பையோடு. எனக்கு மனசு பொறுப்பதில்லை. கியர் தானே மாற பேட்டரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். எஸ்ராம் நிறுவனம் செய்த ஆட்டோமேட்டிக்ஸ் என்ற பின்சக்கர ஹப்புக்குள் சின்ன எடைகள்தான் இருந்தன. வேகமெடுத்தால் மையவிலக்கு விசையில் அவை விரிந்து, 36 சதவீதம் கூடுதலான இரண்டாவது கியரைப் பூட்டும். வேகம் குறைந்தால் மறுபடி முதல் கியர். அந்த முதல் கியரை மேட்டுக்கு ஏற்ப இலகுவாக வைத்துக்கொள்ளலாம். கேபிள் இல்லை, லீவர் இல்லை. நம் கியரில்லா ஸ்கூட்டர்களில் வேகத்துக்கு ஏற்ப விகிதத்தை மாற்றுவதும் இதே விசைதான். பக்கத்து ஓசூரில் டிவிஎஸ் ஆலை, பிஎம்டபிள்யூவுக்காக 310 சிசி வரிசை பைக்குகளை லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்திருக்கிறது. அந்தக் கைகளுக்கு இரண்டு கியர் ஹப் ஒரு வேலையா? அடுத்த சைக்கிள் டெண்டரில், மேட்டுநில ஒன்றியங்களுக்காவது அரசு இதைக் கேட்க வேண்டும்.