நஞ்சையில் எழும் மோட்டார் விற்பனை நிலையங்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் ராஜபாட்டையின் இருமருங்கிலும் மோட்டார் வாகன விற்பனை நிலையங்கள் எழுந்து வருகின்றன. இருசக்கர வண்டிக்கு ஒன்று, காருக்கு ஒன்று, டிராக்டருக்கு ஒன்று எனக் கண்ணாடி முகப்புகளுடன் கட்டடங்கள் நிற்கின்றன. இத்தகைய நிலையம் ஒன்றை அமைக்க அனுமதி கோரும் விண்ணப்பம் வரும்போது நகரசபை அதனை எவ்வாறு பரிசீலிக்க வேண்டும் என்பது, நெசவாளர்களும் விவசாயிகளும் அங்கத்தினராயுள்ள நமது சங்கங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சிலர் கருதலாம். அப்படியன்று என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்நிலையங்கள் வரக்கூடாது என்று நாம் கூறவில்லை. அறுவடை நடக்கும் வேளையில் டிராக்டருக்கு ஓர் உதிரிப்பாகம் வேண்டி விழுப்புரம் வரை ஓட வேண்டியிருந்தால் இழப்பு உழவனுக்கே. நூல் மூட்டையைச் சங்கத்திலிருந்து வீட்டுக்கும், நெய்த துணியை வீட்டிலிருந்து சங்கத்துக்கும் கொண்டு செல்லும் நெசவாளி இன்று சைக்கிளை நம்பியிருக்கவில்லை. பழுது பார்க்கும் தொழிலில் நமது பிள்ளைகள் பலருக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. ஆகவே, நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எந்த இடத்தில், எந்த மட்டத்தில், எந்த நிபந்தனையின்மேல் என்பதே கேள்வி.

மோட்டார் வியாபாரம் நகரத்திற்குள்ளேதான் பிறந்தது. 1840-இல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி சென்னை மவுண்ட் ரோடில் வளர்ந்தது. மோட்டார் காலம் வந்தபோதும் கடைகள் அந்த வீதியிலேயே அமைந்தன. இன்றைய வழக்கம் வேறு. காட்சிக் கூடம், வண்டிகள் நிற்கும் திடல், பழுதுபார்க்கும் கொட்டகை, கழுவுமிடம் ஆகிய யாவும் ஒரே வளைவுக்குள், பெருஞ்சாலையைப் பார்த்தவாறு இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் எதிர்பார்க்கின்றனர். அவ்வளவு அகன்ற மனை திருப்பாதிரிப்புலியூரிலோ, சிதம்பரம் கோயில் வீதிகளிலோ எங்கே கிடைக்கும்? விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைத் திட்டமும், ஊர்களைச் சுற்றிச் செல்லும் புறவழிச் சாலைகளும் வயல்களின் நடுவே புதிய முகப்புகளைத் திறந்துவிட்டன. நேற்றுவரை குழிக் கணக்கில் விலை பேசப்பட்ட நஞ்சை இன்று சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. இடுபொருள் விலையும் கூலியும் ஏறி, நெல்லின் விலை அதற்கு ஈடாக ஏறாத காலத்தில் நிலத்தை விற்பவரைப் பழித்துப் பயனில்லை.

நகரமைப்புச் சட்டம் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1920-லேயே அதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனை அடுத்து வந்ததே 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 49-ஆம் பிரிவு திட்ட அனுமதியைப் பற்றியது. அனுமதி எந்த நோக்கத்திற்காகக் கோரப்படுகிறது, அந்த நோக்கத்திற்கு அந்த இடம் ஏற்றதா, திட்டப் பகுதியின் வருங்கால வளர்ச்சிக்கு அது பொருந்துமா என்பவற்றைக் கவனித்தே முடிவு செய்ய வேண்டும் என அப்பிரிவு கூறுகிறது. இடம் ஏற்றதா என்ற அந்த வினாவை அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும். நமது பிடி முழுவதும் அதில்தான் இருக்கிறது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கு, திட்டம் வகுக்கப்படாத பகுதிகளுக்கென 2017-இல் தனி விதிகள் வந்தன. 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. சாலையின் அகலம், பக்க இடைவெளி, வண்டி நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்பு எனக் கட்டடத்தைப் பற்றிய விவரங்களை அவை விரிவாகவே சொல்லுகின்றன.

கட்டடத்தைப் பார்க்கிறார்கள், சரி. கட்டடம் நிற்கப்போகும் மண்ணின் மட்டத்தையும், அதனருகே ஓடும் வாய்க்காலையும் யார் பார்க்கிறார்கள்? மனை வெள்ளத்தில் மூழ்குமா என்று நீர்வளத் துறையைக் கேட்கும்போது, வழக்கமாக வரும் விடை மனையை இத்தனை உயரம் மேடாக்க வேண்டும் என்பதே. மேடாக்கிய மனையில் வண்டிகள் நனையமாட்டா. ஆனால் அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் எங்கே போகும்? அடுத்த வயலுக்குப் போகும். வயலும் மேடாகிவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகும். விண்ணப்பதாரரின் மனைக்குப் பாதுகாப்பு கேட்கும் முறை இருக்கிறது. அண்டை வீட்டாரின் தரைமட்டத்தைக் கேட்கும் முறை இல்லை.

இதனைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதை மூன்று அடி உயர்த்த ஒரு லட்சத்து முப்பதாயிரம் கன அடிக்கு மேல் மண் வேண்டும். மூன்று யூனிட் ஏற்றும் லாரியாயின் ஏறக்குறைய 435 லாரிகள். அந்த மண்ணும் எங்கோ ஓர் ஏரியிலோ மேட்டிலோ வெட்டப்பட்டதுதான். இனி நீர்க் கணக்கு: அரை அடி வரப்பு கட்டிய ஓர் ஏக்கர் வயல் நிறைந்து நின்றால் சுமார் 6 லட்சம் லிட்டர் மழைநீர் அதில் தங்கும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும், மீதி மெல்ல மெல்ல வடியும். அதே ஏக்கரை மேடாக்கிச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் அந்த 6 லட்சம் லிட்டரும் சில நாழிகையில் சாலையோரப் பள்ளத்தில் வந்து விழும். ஒரே நிலையம் வந்தால் பெரிதாகத் தெரியாது. ஒரு வாய்க்காலின் கரையில் வரிசையாகப் பத்து வந்தால் தெரியும்.

நம் மாவட்டம் இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்கத்தக்கதன்று. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய இத்தனை ஆறுகளும் கடலைத் தேடி வந்து சேருமிடம் இது. மேற்கே பெய்தது, வடக்கே பெய்தது எல்லாம் இங்கேதான் வடிய வேண்டும். 2015-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாளை ஒட்டிய 24 மணி நேரத்தில் நெய்வேலியில் 48 செண்டிமீட்டர் மழை கொட்டியது. அப்பொழுது குறிஞ்சிப்பாடி வட்டாரம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டு கடலூரின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. இவ்வளவு நீர் வரும் இடத்தில் ஒவ்வொரு வாய்க்காலும் ஒவ்வொரு வடிகாலும் கணக்கில் வர வேண்டியவை.

வெள்ளம் என்றவுடன் பயிரைப் பற்றியே பேசுகிறோம்; தறியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்பவராயினும், புவனகிரியில் பட்டு நெய்பவராயினும், குழித்தறி வைத்திருக்கும் வீட்டில் முழங்கால் அளவு நீர் வர வேண்டியதில்லை. ஒரு சாண் நீர் போதும். தரைக்குக் கீழே உள்ள குழி முதலில் நிரம்பும். தறியில் ஏறிய பாவு ஈரம் கோத்துக்கொள்ளும், கஞ்சி கரையும், அச்சும் விழுதும் கெடும். தெருவில் நீர் வடிந்து நான்கு நாள் ஆன பிறகும் குழியில் ஊற்று நிற்கும். வயலில் பயிர் அழிந்தால் கணக்கெடுக்க அதிகாரி வருகிறார். அரைகுறையாக நெய்த பாவுக்குக் கணக்கெடுப்பது அரிது. எங்கோ பெருஞ்சாலையில் உயர்த்தப்பட்ட ஒரு மனைக்கும், தாழ்ந்த தெருவிலுள்ள ஒரு தறிக்குழிக்கும் உள்ள தொடர்பு நகரசபையின் வரைபடத்தில் இடம்பெறுவதில்லை.

அடுத்தது கழுவுநீர். காட்சிக் கூடத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை, அதன் பின்னால் உள்ள கொட்டகையைப் பற்றித்தான் கவலை. ஒரு சாதாரண காரின் எஞ்சினுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினால் மூன்று நான்கு லிட்டர் பழைய எண்ணெய் வெளிவருகிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வாகனம் பழுதுபார்த்தலையும் வர்ணம் பூசுதலையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே ஆண்டில் ஆரஞ்சு வகைத் தொழில்களில் சேர்த்தது. பெரிய நிறுவனங்கள் எண்ணெயை விற்றுவிடும், அதில் வருமானமும் உண்டு. ஆனால் கழுவுமிடத்தில் ஓடும் நீருடன் கலந்து செல்லும் எண்ணெய்க்கு விலையில்லை. எண்ணெய் பிரிக்கும் தொட்டி வரைபடத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது கட்டப்பட்டதா, வாரம்தோறும் அள்ளப்படுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வாய்க்கால்களில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதே நீரைத்தான் கடைமடை வயலுக்குப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. சாயமிடும் நம் அங்கத்தினருக்கும் நல்ல நீர் வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் அனுபவம் அவர்களுக்கு உண்டு. 2009-இல் நாட்டில் மிக மோசமாக மாசடைந்தவை என்று அறிவிக்கப்பட்ட 43 தொழிற்பகுதிகளுள் கடலூரும் ஒன்று.

நமக்குத்தான் வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்துக்கொண்டது. நல்ல சட்டந்தான். செம்பு உருக்காலை, இரும்பாலை, எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்றவை புதிதாக வரக்கூடாது என அது தடுக்கிறது. ஆனால் விற்பனை நிலையம், கிடங்கு, மனைப்பிரிவு ஆகியவை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. பெரிய பறிமுதலுக்கு எதிராக ஊர் திரளும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நிலக்கரி நிறுவனத்தின் வாய்க்காலுக்காகக் கதிர் வரும் பயிரை இயந்திரங்கள் புரட்டியபோது நாடே பார்த்தது. ஒரு சர்வே எண், அடுத்து ஒரு சர்வே எண் என நஞ்சை நழுவும்போது எவரும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு அனுமதியும் தனித்தனியே பார்த்தால் நியாயமானதாகவே இருக்கிறது.

கடல்மட்டத்துக்குக் கீழே வாழும் டச்சுக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். அவர்கள் நாட்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து நீர்ச் சபைகள் உண்டு; விவசாயிகளும் குடிமக்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். ஒரு நகரத் திட்டம் வகுக்கப்படும்போது அச்சபையின் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்பது 2003 முதல் அங்கே கட்டாயம். நமக்கும் அப்படியோர் அடித்தளம் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. வாய்க்கால் எந்த மாதத்தில் எவ்வளவு ஓடும், எந்த மதகு அடைபட்டால் எந்தத் தெரு மூழ்கும் என்பதை அவற்றின் அங்கத்தினர்கள் வரைபடமின்றியே சொல்லுவர். விண்ணப்பத்தின் நகல் ஒன்று அவர்களிடம் செல்ல ஏற்பாடு செய்வதில் அரசாங்கத்துக்குச் செலவு எதுவும் இல்லை.

ஆகையால் நகரசபையிடமும் திட்டக் குழுமத்திடமும் நாம் கேட்பது பெரிய காரியமன்று. நஞ்சையிலோ வாய்க்கால் கரையிலோ வாகன விற்பனை நிலையம் அமைக்க விண்ணப்பிப்பவர், மனையின் மட்டத்துடன் நாற்புறமும் உள்ள வயல், தெரு, வாய்க்கால் ஆகியவற்றின் மட்டத்தையும் காட்டும் வரைபடம் தரவேண்டும். மேடாக்குவதால் இடமிழக்கும் நீர் நிற்பதற்கு அவர் தம் மனைக்குள்ளேயே குளமோ தொட்டியோ வெட்ட வேண்டும். எண்ணெய்த் தொட்டியை அனுமதி தரும்போது மட்டுமன்றி, ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னும் பார்வையிட வேண்டும். ஏற்கெனவே மேடாகிக் கட்டடம் எழுந்த இடங்கள் காலியாயிருக்க, புதிய நஞ்சையைத் தொடுவதற்குக் காரணம் எழுத்தில் கேட்கப்பட வேண்டும். கண்ணாடி முகப்புக்குச் செலவிடுவதில் சிறு பங்கு போதும் இவற்றுக்கெல்லாம்.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அறிவிப்பு பத்திரிகையில் வெளிவந்து, ஆட்சேபணைக்கான நாள் முடிந்து, லாரிகள் மண் கொட்டத் தொடங்கிய பிறகே மனு எழுதுகிறோம். அந்த மனுவைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரியால் ஒன்றும் செய்ய இயலாது. கடலூர் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது, சிதம்பரம் நகராட்சியாக இருக்கிறது. இவ்விரண்டின் எல்லைக்கு வெளியே உள்ள மனைகளுள் பல ஊராட்சிகளைச் சேர்ந்தவை. ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மழைக்கு முந்திய கூட்டம் அக்டோபர் 2-ஆம் நாள் வருவது. அதற்குள் ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையிலுள்ள வாய்க்கால்கள், வடிகால்கள், தாழ்ந்த நெசவாளர் தெருக்கள் ஆகியவற்றின் பட்டியலைச் சர்வே எண்ணுடன் எழுதி, நிர்வாகக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு நகலைக் கிராம சபைக்கும் மற்றொன்றை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் பெற்றதற்கான ஒப்புதலுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவைக்கும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.