முருங்கக்கீரை போதும்னு எழுதுற அண்ணாச்சிமாருக்கு...

போன வாரம் நம்ம பதிவர் அண்ணாச்சி ஒருத்தர், சத்து மாத்திரை எல்லாமே கம்பெனிக்காரன் ஏமாத்து வேலைன்னு ஒரு பதிவு போட்டிருந்தார். சாதாரணமா சாப்பிட்டு, சாதாரணமா செரிக்கிற ஆளுக்கு அவர் சொன்னதுல பாதிக்கு மேல சரிதான். நானும் "கொள்ளாம்"னு ஒரு பின்னூட்டம் போடத்தான் போனேன். கடைசிப் பத்தியில கண்ணு நின்னுட்டு. எடை குறைக்க வயித்த வெட்டிக்கிட்டவங்களும் ஆறு மாசத்துல மாத்திரைய வீசிட்டு முருங்கக்கீரைக்குத் திரும்பலாமாம். கீழே வரிசையா "ரிப்பீட்டே..."

அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. இதே அறிவுரை எங்க வீட்டுல ஒரு மனுஷியோட காலை வாங்கப் பாத்துது. அதனாலதான் இந்தப் பதிவு.

எங்க மைனி. மரச்சீனியும் சாளைக்கறியும் வச்சாங்கன்னா தெருமுக்கு வரைக்கும் மணக்கும். 118 கிலோ, சுகர், முட்டுவலி. மூணு வருஷத்துக்கு முன்னால வெளியூர்ல ஒரு தனியார் ஆசுபத்திரியில இரைப்பையைக் குறைக்கிற ஆபரேஷன் நடந்துது. எடை 74-க்கு வந்துது, சுகர் மாத்திரை நின்னுது. ஆபரேஷனை நான் குறை சொல்லவே மாட்டேன். குறை சொல்ல வந்தது டிஸ்சார்ஜ் சீட்டோட கடைசி வரியை: "மல்ட்டி விட்டமின், தினம் ஒண்ணு, மூணு மாசம்." எந்த மல்ட்டி விட்டமின்? அதுல எது எவ்வளவு இருக்கணும்? மூணு மாசம் கழிச்சு? ஒரு எழுத்து கிடையாது.

மூணு மாசம் முடிஞ்சுது. அண்ணன் துபாய்ல இருந்து வரும்போது கலர் கலரா கம்மி மிட்டாய் டப்பா கொண்டு வந்தான். அது தீர்ந்ததும் சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து முருங்கக்கீரைக்கு மாத்திவிட்டாங்க. போன வருஷம் மைனிக்குக் காலு மரத்துப் போச்சு. ஒத்தச் செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம புதுக்கடைச் சந்தை வரைக்கும் நடந்து வந்திருக்காங்க. "வயசாவுதுல்லா தம்பி"ன்னு சிரிச்சாங்க. வயசு நாப்பத்தொண்ணு! ரத்தம் எடுத்துப் பாத்தா பி12 தரையில கிடக்கு, ஹீமோகுளோபின் ஏழரை. ஊசி போட்டுப் போட்டு முக்காவாசி உணர்வு திரும்பி வந்திருக்கு. இடது கால் பெருவிரல் இன்னும் வரல்ல.

ஏன் இப்படி ஆச்சுன்னு அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன்.

ஸ்லீவ் ஆபரேஷன்ல இரைப்பையில ஏறத்தாழ முக்காப் பங்கை வெட்டி எடுத்துடறாங்க. நாம சாப்பிடற பி12 உடம்புல ஏறணும்னா இரைப்பைச் சுவர் சுரக்கிற ஒரு புரதம் துணைக்கு வரணும். வெட்டி எடுத்ததோட அந்தப் புரதம் சுரக்கிற இடமும் பெரும்பாலும் போயிடுது. பைபாஸ்னா இன்னொரு சங்கதியும் உண்டு. சாப்பாடு சிறுகுடலோட முதல் பகுதியத் தொடாமலே கீழே இறங்கிடும். இரும்பும் கால்சியமும் முக்கியமா உறிஞ்சப்படற இடமே அதுதான். கருங்கல் வழியா போற பஸ்ஸ வேற ரூட்ல திருப்பிவிட்டுட்டு, "கருங்கல்ல நின்ன ஆளு ஏன் ஏறல்ல?"ன்னு கேட்டா எப்படி?

முருங்கக்கீரைக்கு வருவோம். நல்ல கீரை, நானும் தின்னுறவன்தான். ஆனா அதுல பி12 சுத்தமா கிடையாது. அதுல இருக்கிற இரும்பு ஏறணும்னா இரைப்பையில அமிலம் வேணும். அமிலம் சுரக்கிற இடத்தையும் சேர்த்துத்தானே வெட்டியிருக்கு?

"ஆறு மாசம் மாத்திரை இல்லாம நல்லாத்தானே இருந்தாங்க?"ன்னு கேப்பீங்க. அதுதான் இதோட கள்ளத்தனம். ஈரல்ல பி12 வருஷக்கணக்குக்குச் சேமிப்பு உண்டு. அந்தக் காசு தீருற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. கால்சியம் இன்னும் மோசம். சாப்பாட்டுல வராட்டா உடம்பு எலும்ப அரிச்சு ரத்தத்துக்குக் கொடுக்கும், டெஸ்ட்ல கால்சியம் "நார்மல்"னு வரும். அதனால பாராதைராய்டு ஹார்மோனையும் விட்டமின் டி-யையும் சேர்த்துப் பாக்கணும்.

பி1, அதாவது தயாமின், நேர் எதிர். ரெண்டு மூணு வாரத்துலயே காலி. ஆபரேஷன் ஆனவங்களுக்குத் தொடர்ந்து வாந்தின்னா நம்ம ஊர்ல என்ன செய்வோம்? பக்கத்து கிளினிக்ல ஒரு குளுக்கோஸ் ஏத்துவோம். தயாமின் இல்லாத உடம்புல வெறும் குளுக்கோஸ் ஏத்தினா மூளையே பாதிக்கப்படலாம். தயாமின் முதல்ல போகணும். வயித்துல ஆபரேஷன் நடந்துதுன்னு கிளினிக்ல முதல் வார்த்தையாச் சொல்லுங்க.

சரி, மாத்திரை வேணும்னு ஒத்துக்கிட்டாச்சு. எதை வாங்க? இங்கதான் ரெண்டாவது சண்டை, டப்பாக்காரங்களோட.

சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 ரெண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல. எடை குறைப்பு அறுவை நிபுணர்களோட அமெரிக்கச் சங்கம் 2016-ல புதுப்பிச்ச வழிகாட்டியில, ஆபரேஷன் ஆனவங்களுக்குத் தினம் 350 முதல் 500 மைக்ரோகிராம், இல்லாட்டா மாசம் 1000 மைக்ரோகிராம் ஊசி. ஏன் இவ்வளவு? அந்தத் துணைப் புரதம் இல்லாதப்போ, முழுங்கினதுல நூத்துல ஒரு பங்குதான் தானா உள்ளே ஏறும். இப்ப சூப்பர் மார்க்கெட்ல விக்கிற சத்து டப்பாவைத் திருப்பிப் பாருங்க. அது உணவுச் சட்டத்துல வர்ற பொருள், நம்மளை மாதிரி முழு வயிறு உள்ளவங்களோட தேவையை ஒட்டிச் செஞ்சது. டப்பாவிலயே "மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல போட்டிருப்பான். நாமதான் படிக்கிறதில்ல. பெரும்பாலான கம்மி மிட்டாய்ல இரும்பே இருக்காது.

கால்சியம் டப்பா இன்னொரு கண்கட்டு வித்தை. முன்னால 1000 மில்லிகிராம்னு கொட்டை எழுத்து. அது உப்போட எடை. கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம்ல சுத்தமான கால்சியம் 500. சிட்ரேட் 1000-ல 210 சொச்சம்தான். ஆனா அமிலம் குறைஞ்ச வயித்துக்கு சிட்ரேட்தான் தோது. ஸ்லீவோ பைபாஸோ ஆனவங்களுக்கு சாப்பாட்டோட சேர்த்து நாளைக்கு மொத்தம் 1200–1500 வேணும். அதையும் ஒரேயடியா முழுங்காம ஐநூறு அறுநூறா பிரிச்சுத்தான் எடுக்கணும். இரும்பு, மாதவிலக்கு நிக்காத பெண்களுக்குத் தினம் 45–60 மில்லிகிராம். இரும்பும் கால்சியமும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். கட்டன் சாயாவோட இரும்பு மாத்திரைய முழுங்கினா சாயாவுக்குத்தான் லாபம்.

அதிகமானாலும் ஆபத்து. முடி கொட்டுதுன்னு துத்தநாகத்தை மட்டும் அள்ளி முழுங்கினா தாமிரம் குறையும், அதுவும் நரம்பைத்தான் பிடிக்கும். வாரம் ஒண்ணுன்னு கொடுக்கிற 60,000 யூனிட் டி பொடியை டெஸ்ட் எடுக்காம வருஷக்கணக்கா குடிக்கிறதும் தப்பு.

"நீ கம்பெனி ஏஜெண்டா?"ன்னு ஒரு அனானி கண்டிப்பா வருவார். :-) ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மா கொடுக்கிற சிவப்பு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு அனானி. பி12 ஊசி தங்க விலை விக்கல்ல. நான் சொல்ற வழியில போனா ரெண்டாயிரம் ரூபா டப்பாக்காரனுக்குத்தான் நஷ்டம்.

காப்பீட்டுக்காரங்க கூத்தையும் பாருங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல தரப்படுத்தின விலக்குப் பட்டியல்ல 6-வது, எடை குறைப்பு ஆபரேஷனுக்கு எப்பக் காசு உண்டுன்னு சொல்லுது. பி.எம்.ஐ. 40-ம் அதுக்கு மேலும் இருக்கணும், இல்லாட்டா 35-ம் அதுக்கு மேலும் இருந்து கூடவே கடுமையான நோய் இருக்கணும். 14-வது, சீட்டு இல்லாம வாங்கக்கூடிய விட்டமினுக்கும் மினரலுக்கும் காசு கிடையாது, ஆசுபத்திரியில கிடந்த சிகிச்சையோட சேர்த்து டாக்டர் எழுதினா ஒழிய. அதாவது வயித்த வெட்ட லட்சம் லட்சமா உண்டு. வெட்டின வயித்தோட வாழ ஒரு பைசா கிடையாது. உங்க பாலிசியையும் எடுத்துப் பாத்துக்கிடுங்க.

2024 ஏப்ரல்ல புதுச்சேரி இளைஞர் ஒருத்தர் சென்னையில எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்தப்ப நாம எல்லாரும் கொதிச்சோம். கொதிக்கத்தான் வேணும். ஆனா மேசையில நடந்தாத்தான் செய்தி. மூணு வருஷம் கழிச்சு மரத்துப் போற காலு எந்தப் பேப்பர்லயும் வராது.

அதனால ஆசுபத்திரிக்காரங்ககிட்ட கேக்கிறது நாலே விஷயம். டிஸ்சார்ஜ் சீட்டுல மருந்தோட பேரு, அளவு, "ஆயுசு முழுக்க"ன்னு ஒரு வார்த்தை, அடுத்த ரத்தப் பரிசோதனை தேதி. முதல் வருஷம் மூணு முதல் ஆறு மாசத்துக்கொருக்க, அப்புறம் வருஷத்துக்கொருக்க. இதை எழுத அரைப் பக்கம் போதும். எழுதாம அனுப்பினா ஆபரேஷன் பாதியில நிக்குதுன்னுதான் அர்த்தம்.

அண்ணாச்சி, உங்ககிட்ட கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துடுங்க. மிச்சப் பதிவுக்கு நானே வந்து "ரிப்பீட்டே" போடறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. மேலே உள்ள அளவெல்லாம் பொது வழிகாட்டி, ஆளுக்கு ஆள், ஆபரேஷனுக்கு ஆபரேஷன் மாறும். இதை வச்சு மருந்துக் கடைக்குப் போகாதீங்க, டாக்டர்கிட்ட கேள்வி கேக்கப் போங்க. மைனி இதைப் படிச்சுட்டு, "எனக்க கால ஊரெல்லாம் காட்டிட்டியேடே"ன்னு ஒரு திட்டு. அப்புறம் அவங்களே சொன்னாங்க, "கெடக்கட்டு, வல்ல பிள்ளைக்கும் உதவும்."