முதலாண்டு இயற்பியலும் நம் பிள்ளைகளும்

மழை தொடங்கிவிட்டது. கல்லூரிகளும் திறந்துவிட்டன. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம் பிள்ளைகள் புதுப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பி.எஸ்சி. முதலாண்டில் சேர்ந்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். சங்க விழா மேடையில் பொன்னாடையும் பரிசும் பெற்றவர்கள்கூட அவர்களில் உண்டு.

தீபாவளியை ஒட்டி முதல் பருவத் தேர்வு வரும். பிறகு முடிவு வரும். அன்று அந்தப் பிள்ளைகளில் பலர் வாய் திறக்க மாட்டார்கள். "இயற்பியலில் கே.டி. விழுந்துவிட்டது" என்று தாயிடம் மட்டும் மெல்லச் சொல்வார்கள். கே.டி. என்றால் என்னவென்று தாய்க்குத் தெரியாது. ஏதோ பெரிய கேடு என்று நினைத்துக்கொள்வார். தோற்ற தாளை மறுபடி எழுதிக்கொண்டே மேலே படிக்கலாம் என்று பல்கலைக்கழகம் கொடுக்கும் அனுமதிதான் அது. தோல்விதான், ஆனால் முடிந்துபோன தோல்வி அல்ல. இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால், "போதும் படித்தது, மாமாவின் கடைக்கு வா" என்று படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அந்த வீட்டின் முதல் பட்டதாரி அங்கேயே காணாமல் போகிறான்.

இது யார் குற்றம்? பிள்ளை மக்கு என்று சொல்வது எளிது. அது உண்மை அல்ல.

முதலாண்டு இயற்பியல் உலகம் முழுவதுமே மாணவர்களைத் தடுமாற வைக்கும் பாடம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்ற பேராசிரியர் இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். மாணவர்கள் கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். தாம் நன்றாகக் கற்பிப்பதாக அவர் எண்ணியிருந்தார். 1990-ல், அரிசோனாவில் டேவிட் ஹெஸ்டனஸ் என்பவர் சகாக்களுடன் தயாரித்திருந்த எளிய வினாத்தாளை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சூத்திரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். லாரியும் காரும் மோதினால் எதன் மீது அதிக விசை என்பது போன்ற கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம்! அந்தத் தேர்வில் பலர் சறுக்கினார்கள். உலகின் பெரிய பல்கலைக்கழகத்திலேயே அந்த நிலை என்றால், பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேருக்கு நடுவில் படிக்கும் பிள்ளை சறுக்குவதில் வியப்பு என்ன?

அந்த மாணவியின் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. பாடம் ஒரு பக்கம் நிற்கிறது, உலகம் வேறு பக்கம் நிற்கிறது. இரண்டும் சேரவில்லை.

நம் பிள்ளைகளுக்கோ உலகம் நன்றாகத் தெரியும். காலை எட்டரை மணி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு நிலைமம் தெரியாதா? குர்லாவில் வண்டி பிரேக் போட்டதும் கூட்டம் முழுவதும் முன்னால் சாய்கிறது. யார் தள்ளினார்கள்? யாரும் தள்ளவில்லை. வண்டி நின்றது, உடம்பு அதுவரை ஓடிய வேகத்திலேயே போகப் பார்த்தது. நியூட்டனின் முதல் விதி இவ்வளவுதான். ஆனால் தேர்வுத்தாளில் அதை எழுதச் சொன்னால், ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த இரண்டு வரியை எழுதிவிட்டு, அடுத்த கேள்வியில் "முன்னால் தள்ளும் விசை" என்று தவறாக எழுதுகிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

தாதர் காய்கறிச் சந்தையில் தலையில் மூட்டையுடன் அசையாமல் நிற்கும் தொழிலாளியைப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைக்கிறது, வேர்வை வழிகிறது. ஆனால் மூட்டை நகரவில்லையே, ஆகவே அதன் மீது அவர் செய்த வேலை சுழி என்கிறது இயற்பியல்! (கூலி கொடுப்பவர் காதில் இது விழாமல் இருப்பது நல்லது.) அவர் தசைகளில் செலவாகும் ஆற்றல் வேறு கணக்கு, மூட்டையின் மீது நடக்கும் வேலை வேறு கணக்கு. நாம் பேசும் 'வேலை' ஒன்று, பாடத்தில் வரும் 'வேலை' மற்றொன்று என்பதை யாராவது ஒருமுறை உட்கார்த்திச் சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால் பிள்ளை குழம்புகிறான். அதுவும் ஆங்கிலத்தில் குழம்புகிறான்.

மொழிச் சிக்கலைப் பற்றி இந்த நகரத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் 1974-ல் தொடங்கப்பட்ட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், 1980-களின் தொடக்கத்தில் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. மையத்தை நிறுவிய இயக்குநர் வி. ஜி. குல்கர்னியும் அவருடைய சகாக்களும் கண்டது என்ன? பிள்ளைகளின் அறிவில் குறை இல்லை. பாடப்புத்தகத்தின் மொழிதான் பெரிய தடை. அவர்கள் மராத்தியில் படித்த மராத்திப் பிள்ளைகள்! தாய்மொழிப் புத்தகத்திலேயே அந்தத் தடை என்றால், வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அலுவலகப் படிவத்தில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று நான்கு படகுகளில் கால் வைக்கும் நம் பிள்ளையின் நிலை என்ன?

இதற்கு ஒரு வழி கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. 2018-லும் 2019-லும் புதிய பாடத்திட்டப்படி வந்த நூல்கள் அவை. கைப்பேசியிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். திசைவேகம், முடுக்கம், உந்தம், நிலைமத் திருப்புத்திறன் என்று சொற்கள் துலக்கமாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதலாண்டுப் பாடத்தில் பாதிக்கு அடித்தளம் அமைந்துவிடும். பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது என்பீர்கள். உங்களுக்கு வருமே! இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தகப்பனார் அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். பிள்ளை கேட்டுக்கொண்டு, தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியாத இடம்தான் அவனுக்குப் புரியாத இடம்.

கணக்குப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வகைநுண்கணிதம் தெரியாமல் இயற்பியலில் சேர்ந்தால் தடுமாற்றம்தான். மருத்துவம் கிடைக்கும் என்று நம்பி உயிரியலைப் பிடித்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டவர்கள் முதல் மாதத்திலேயே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

செய்முறை வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எழுதும் ஜர்னலை மூத்த மாணவரிடம் வாங்கி அப்படியே பார்த்து எழுதும் வழக்கம் இருக்கிறது. ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையில் எல்லோருக்கும் 980 என்றே விடை வருகிறது. மும்பையில் அது ஏறத்தாழ 978.6 சென்டிமீட்டர்! நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறையும். ஊசலைத் தானே ஆட்டி, தானே எண்ணி, 965 என்று தவறான விடை கொண்டுவந்த மாணவனையே நாம் மதிப்போம். எங்கே தவறியது என்று அவன் தேடத் தொடங்கினால், அவன்தான் இயற்பியல் படிக்கிறான். ஆய்வுக்கூடத்தில் சுழல் சக்கரம் ஒன்று இருக்கும். நிலைமத் திருப்புத்திறனைக் காண்பதற்கு. தாராவிப் பிள்ளை அதை முதன்முதலாக அங்கே பார்க்க வேண்டியதில்லை. கும்பார்வாடாவில் குயவரின் சக்கரத்தைப் பார்த்திருப்பான். ஒருமுறை சுழற்றி விட்டால் பானை எழும்பும் வரை அது ஏன் நிற்பதில்லை என்று அவனைக் கேட்க ஆள்தான் இல்லை.

இங்கே சிலர் சர் சி. வி. ராமனைக் காட்டுவார்கள். திருச்சிக்காரர், 1907-ல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராக வேலைக்குச் சேர்ந்தவர், பகலில் அரசாங்கக் கணக்கு, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடம் என்று பத்து ஆண்டுகள் உழைத்தவர், 1930-ல் நோபல் பரிசு பெற்றவர். வேற்று மாநிலத்தில் கணக்கு எழுதிய தமிழர் என்பதால் குமாஸ்தாக்களாகிய நமக்குக் கூடுதல் பெருமைதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ராமனின் தகப்பனார் இயற்பியலும் கணக்கும் கற்பித்த கல்லூரி ஆசிரியர். வீட்டில் புத்தகங்கள் இருந்தன. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. "ராமனைப் போல் வா" என்று பிள்ளையிடம் சொல்கிற நாம், அந்த வீட்டில் இருந்ததை நம் பிள்ளைக்குக் கொடுத்தோமா?

ஒவ்வொரு வீட்டிலும் கொடுக்க முடியாதுதான். ஒரு தெருவாகச் சேர்ந்து கொடுக்கலாம். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர், முதலாண்டுக் கணக்கில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள், சீன மாணவர்கள் ஏன் வெல்கிறார்கள் என்று அவர்கள் தங்கும் இடங்களுக்கே சென்று பார்த்தார். கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்ல. மணிக்கணக்கில் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியே உழைத்தார்கள். சீன மாணவர்களோ தனியே படித்துவிட்டு இரவில் ஒன்றுகூடினார்கள். ஒருவர் விடையை மற்றவர் சோதித்தார். தனக்கு மட்டும்தான் புரியவில்லையா, எல்லோருக்குமே புரியவில்லையா என்பது அவர்களுக்குத் தெரிந்தது. டிரைஸ்மன் கறுப்பின மாணவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, எளிய கணக்கு அல்ல, கடினமான கணக்குகளையே கொடுத்தார். தோற்றவர்கள் தேறினார்கள்.

இயற்பியலிலும் இதற்குச் சான்று உண்டு. ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 முதனிலை இயற்பியல் வகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் கணக்கை எடுத்து 1998-ல் வெளியிட்டார். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்புகளில், தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் 23 சதவீதம்தான் கடைசியில் தெரிந்திருந்தது. மாணவர்கள் தங்களுக்குள் பேசி, விவாதித்துப் படித்த வகுப்புகளில் 48 சதவீதம். இரண்டு மடங்கு!

நம் பிள்ளை எப்படிப் படிக்கிறான்? வெட்கப்பட்டுக்கொண்டு தனியே படிக்கிறான். வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூசுகிறான். வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது, தங்கை அழுகிறாள். கே.டி. விழுந்ததும் தனக்கு மட்டும்தான் விழுந்தது என்று எண்ணுகிறான். அடுத்த சந்தில் இன்னொருவனுக்கும் விழுந்திருப்பது அவனுக்குத் தெரியாது.

மாட்டுங்காவில் குடியேறிய நம் முன்னோர் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1932-லேயே தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதன் கல்லூரி 1960-ல் சயானில் எழுந்தது. தாராவியிலிருந்து நடந்து போகிற தூரம். மாட்டுங்காவில் ரூயா கல்லூரி 1937 முதல் இருக்கிறது. கல்லூரிக்குக் குறைவில்லை. கல்லூரியிலிருந்து திரும்பிய பிறகு உட்கார இடத்துக்குத்தான் குறைவு.

அந்த இடமும் நம்மிடம் இருக்கிறது. சங்க மண்டபங்கள், நற்பணி மன்ற அறைகள், கோயில் கூடங்கள் எத்தனை! விழா நாட்களைத் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடப்பவை அவற்றில் பல. பரிசளிப்பு விழாக்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பரிசு வாங்கிய பிள்ளை ஆறே மாதத்தில் தடுக்கி விழும்போது, மாலை போட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறோம். ஒரு பொன்னாடையின் விலையில் ஒரு கரும்பலகை வாங்கலாம்.

சொல்லிக் கொடுக்க ஆள்? செம்பூரைப் பாருங்கள். ஆசியாவின் முதல் அணு உலை என்று பெயர் பெற்ற அப்சரா 1956-ல் இயங்கத் தொடங்கிய டிராம்பே, அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் வாழ்நாள் முழுவதும் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர்கள் செம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் வாழ்கிறார்கள். காலையில் பூங்காவில் நடக்கிறார்கள், மாலையில் கச்சேரி கேட்கிறார்கள். நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சயான் வரை வரக் கூடாதா? யாரும் கூப்பிடவில்லை என்பார்கள். உண்மைதான், நாம் கூப்பிடவில்லை. செம்பூர்த் தமிழரும் தாராவித் தமிழரும் ஒரே நகரில் இருந்துகொண்டு ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமலே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம்.

அவர்கள் வந்து சொற்பொழிவு நிகழ்த்த வேண்டாம். அதற்குக் கல்லூரியே போதும். பிள்ளைகள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு கணக்கோடு மல்லுக்கு நிற்கட்டும். பெரியவர் ஓரமாக இருந்து, வழி முற்றிலும் அடைபட்டால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லட்டும். பெண் பிள்ளைகளும் வர வேண்டும் என்பதால் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடலாம்.

ஒரு அறை, இரண்டு குழல் விளக்குகள், ஒரு கரும்பலகை, ஒரு பெட்டி சாக்குக்கட்டி. முதல் பருவத் தேர்வுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. உங்கள் தெருச் சங்க மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே விசாரியுங்கள்.