ஓராண்டு அவகாசம்

சென்ற மாதம் என் பழைய வானை எண்ணெய் மாற்றுவதற்காக மாத்தளை நகரிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றிருந்தேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்த இளைஞர் எழுந்துவந்து, எண்ணெய் வடிக்கும் போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் மரைகளுக்கிடையே அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தன.

"கழட்டிக் கழட்டிப் பூட்டினதில ஒயில் தொட்டியோட மரை தேஞ்சிருச்சு ஐயா. இறுக்கினா இறுகின மாதிரித்தான் தெரியும். ஆனா பிடிப்பு இல்ல" என்றார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 2009ஆம் ஆண்டு கனடாவில் நடந்த ஒரு ஹெலிகொப்டர் விபத்து. கனடாவில் வாழும் நம்மவர் பலர் அதை மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் 12ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்தின் சென்ட் ஜோன்ஸ் நகரிலிருந்து கடல் நடுவேயுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற சிகோர்ஸ்கி எஸ்-92ஏ ரக ஹெலிகொப்டர் அத்திலாந்திக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 18 பேரில் ஒருவர் மட்டுமே உயிர்பிழைத்தார்.

காரணம், எண்ணெய் வடிகட்டியின் கிண்ணம். இயந்திரங்களின் வேகத்தைக் குறைத்து மேலுள்ள சுழலிக்கும் வால் சுழலிக்கும் கடத்துகின்ற பிரதான கியர்பெட்டியில், அக்கிண்ணத்தை மூன்று டைட்டானியத் தண்டுகள் தாங்கியிருந்தன. இந்த ரகத்தில் வடிகட்டியை எதிர்பார்த்ததைவிட அதிக தடவைகள் கழற்றி மாற்ற நேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய நட்டுகளையே திரும்பப் பூட்டியதில் தண்டின் மரைகள் உராய்ந்து சிதைந்தன. இறுக்கம் காட்டியது, பிடிப்பு இல்லை. ஒரு தண்டில் களைப்பு வெடிப்பு தோன்றிற்று. அதன் பாரம் அடுத்ததன்மேல் ஏறியது. பறந்துகொண்டிருக்கையில் இரண்டும் முறிந்தன. எண்ணெய் முழுவதும் கொட்டிப்போன பின் ஏறத்தாழ 11 நிமிடங்களே அந்த ஹெலிகொப்டர் ஆகாயத்தில் இருந்தது.

இதுவரை சொன்னது பொறியியல். எனக்குச் சினமூட்டுவது நாட்காட்டி.

2008 ஜூலை 2ஆம் திகதியே அவுஸ்திரேலியாவில் இதே ரக ஹெலிகொப்டர் ஒன்றில் இதே தண்டுகள் முறிந்தன. அது பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. தயாரிப்பு நிறுவனம் ஆராய்ந்தது. பராமரிப்பு முறையைக் கடுமையாக்கியது. 2009 ஜனவரி 28ஆம் திகதி, டைட்டானியத் தண்டுகளை அகற்றி உருக்குத் தண்டுகளைப் பொருத்துமாறு அறிவித்தது. அதற்குக் கொடுத்த அவகாசம் 1,250 பறப்பு மணித்தியாலங்கள், அல்லது ஓர் ஆண்டு. 43ஆவது நாள் 17 பேர் மடிந்தனர். மார்ச் 23ஆம் திகதி அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசரக் கட்டளை பிறப்பித்தது: தண்டுகளை மாற்றாமல் இனிப் பறக்கக்கூடாது. ஓராண்டு கேட்ட வேலை ஒரே நாளில் அவசரமாகிவிட்டது.

ஒவ்வொரு வெடிப்புக்கும் உலகிலுள்ள விமானங்களையெல்லாம் தரையில் கட்டிப்போட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவகாசம் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. உதிரிப்பாகம் தயாராகவேண்டும், கைகள் வேண்டும், கடலில் வேலை செய்கிறவன் வீடு திரும்பவும் வேண்டும். ஆனால் இந்த விடயத்தில் வேறொன்று இருந்தது. எண்ணெய் இன்றி 30 நிமிடங்கள் ஓடும் திறன் அந்தக் கியர்பெட்டிக்கு இருக்கவில்லை. இருந்தும் அதற்கு அனுமதி கிடைத்தது. எண்ணெய் முழுவதும் இழக்கப்படும் வாய்ப்பு மிக மிக அரிது என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டதே காரணம். வடிகட்டிக் கிண்ணம் கழன்றுபோகலாம் என்று அந்தக் கணக்கில் எவரும் நினைத்திருக்கவில்லை.

அந்தக் கணக்கு அவுஸ்திரேலியாவிலேயே பொய்த்துவிட்டது. எது நடக்காது என்று நம்பி விதிவிலக்கு வழங்கினார்களோ அது நடந்தாயிற்று. அந்த நாளிலேயே விதிவிலக்கின் அடித்தளம் போய்விட்டது. அதன்பிறகு தண்டுகளை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தது போதாது. மாற்று ஏற்பாடு ஏதுமில்லாத இடத்தில் ஓராண்டு அவகாசம் என்பது பயணியின் உயிரைப் பணயமாக வைத்து வாங்கிய கடன். அந்தக் கடனுக்குக் கையொப்பமிட்டவர்கள் அந்த ஹெலிகொப்டரில் ஏறியவர்கள் அல்லர்.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை இவற்றையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ விசாரணை அறிக்கைகளைப் புரட்டியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் முன்னரே அறிந்த ஒருவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். அறியாதவர் ஆசனத்தில் இருக்கிறார்.

கராஜுக்கு வருகிறேன். தொட்டியில் புதிய மரை வெட்டி உட்புரி வைக்கவேண்டும், கடைசல்காரர் நாளைதான் வருவார் என்றார் இளைஞர்.

"தம்பி, இப்போதைக்கு இறுக்கிவிடுங்கள். ரத்தோட்டைக்குத்தானே, ஒரு கிழமை ஓட்டிவிட்டு வருகிறேன்" என்றேன். இவ்வளவையும் எழுதுகிற நான்தான் கேட்டேன்.

அவர் வான் சாவியைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு வாங்க ஐயா."

பஸ் நிலையத்துக்கு நடந்து, ரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். நிற்க மட்டுமே இடமிருந்தது. வளைவுகளில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்சில்லின் பக்கமிருந்து இரும்பு உராயும் ஒலி எழுந்தது. கொண்டக்டரிடம் கேட்டேன்.

"அது ரெண்டு மாசமா அப்படித்தான் ஐயா" என்று சொல்லி, மிகுதிப் பணத்தைத் தந்தார்.