பிதாவின் வியாதியும் புத்திரர் கடமையும்

நமது குடும்பங்களில் வேரூன்றிய வழக்கமொன்றை நாம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. வயோதிகத் தந்தைக்கு மலக்குடலிலே புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னவுடன், புத்திரர்கள் அப்பெயரை அவர் செவியில் விழாமல் மறைத்து, "வெறும் மூலந்தான்" என்று சொல்லிவிட்டு, சிகிச்சையைத் தாங்களே நிர்ணயம் செய்கிறார்கள். இஃது அன்பினால் நேர்வதே, எனினும் அநீதி. தேச விஷயத்தைத் தேசத்தாரைக் கேளாமல் அன்னியர் முடிவு செய்யலாகாதென்று 1947 வரை வாதாடிய ஜனங்கள், வீட்டுப் பெரியவரின் சரீர விஷயத்தில் மட்டும் அவரைக் கேளாதிருப்பது என்ன நியாயம்? அறிய விரும்பவில்லையென்று அவரே சொன்னால், அஃது அவர் தீர்மானம்.

மறைப்பதனால் விளையும் கெடுதி சிறிதன்று. ரண சிகிச்சையின்போது சிலருக்கு வயிற்றில் துவாரமிட்டு, மலம் ஒரு பையில் இறங்கும்படி செய்ய நேரிடும். அது சிலருக்குச் சில மாதங்களே, சிலருக்கு ஆயுள் முழுவதும். ஒன்றுமறியாமல் கண்விழித்து அப்பையைக் காணும் முதியவர் அவமானத்தால் உணவையே வெறுக்கக்கூடும். முன்னமே அறிந்தவரோ, அதை மாற்றக் கற்றுக்கொண்டு கோயிலுக்கும் கூட்டத்துக்கும் போய்வர இயலும். அவ்வேலையை மருமகள் தலையில் சுமத்திவிட்டுப் பொதுக்காரியத்துக்குப் புறப்படும் வீரர்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

இதே மூலமென்னும் சொல், வியாதி வெளிப்படுமுன்பும் நாளைக் கடத்துகிறது. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாருடைய தங்கையின் மலக்குடற் புற்றுநோய் முதலில் சீதபேதியென்றே கருதப்பட்டது. அம்மரணத்தின் துயரமும் சேர்ந்தே 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தது. மலத்தில் இரத்தங்கண்ட முதியவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க. வைத்தியர் பேசும்போது அவரை வெளியே உட்கார வைக்காதீர்.