ஓட்டுக்குள் ஒடுங்கியும் தப்பாதவை

ஐம்புலன்களை அடக்குவதற்கு உவமை தேடிய வள்ளுவருக்குக் கிட்டியது ஆமை. அடக்கமுடைமை அதிகாரத்தின் அவ்வுவமையை வகுப்புகளில் ஆண்டுதோறும் விளக்கிக்கொண்டிருக்கிறோம். அவ்வுவமைக்கு உரிய உயிரோ நம் ஆறுகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் சாக்குகளில் கட்டப்பட்டுச் சென்றுகொண்டிருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் நடந்த ஒரே சோதனையில் 6,400க்கும் மேற்பட்ட ஆமைகள் உயிருடன் கைப்பற்றப்பட்டன. அவ்வாண்டின் குளிர்காலத்தில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினர் ஆமைக் கடத்தலுக்கெதிராக நடத்திய தனி நடவடிக்கையில் மீட்கப்பட்டவை 15 ஆயிரத்துக்கும் மேல். கங்கைச் சமவெளியில் பிடிபடும் ஆமைகள் மேற்கு வங்கத்துக்கும் அங்கிருந்து எல்லை கடந்து வங்கதேசத்துக்கும் இறைச்சிக்காகச் செல்கின்றன. மெல்லோட்டு ஆமைகளின் ஓட்டோர சவ்வை வேகவைத்து உலர்த்திக் கிழக்காசியச் சந்தைகளுக்கு அனுப்பும் வணிகமும் உண்டு. பிடிபட்டவையே இத்தனை என்றால், பிடிபடாதவற்றை எண்ணிப் பார்க்க அச்சமாயிருக்கிறது.

இது வடக்கத்திய சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. பாலாமை எனப்படும் சிறு மெல்லோட்டு ஆமை நம் குளங்களில் வாழ்வது. கோடையில் நீர் வற்றும்போது அது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். கம்பியால் சேற்றைக் குத்திப் பார்த்து அதை எடுத்துவிடுகிறார்கள். காவிரி உள்ளிட்ட தீபகற்ப ஆறுகளுக்கே உரிய பெரிய மெல்லோட்டு ஆமையின் நிலை இதனினும் மோசம். அழிவின் விளிம்பில் நிற்பதால், 2022இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதன் பன்னாட்டு வணிகத்தை முற்றாகத் தடைசெய்யும் முதல் பட்டியலுக்கு அதனை மாற்றியது.

"ஆமையை உண்பது நம் முன்னோர் வழக்கம்தானே?" என்று கேட்போர் உளர். உண்மைதான். புறநானூற்றின் 176ஆம் பாடலில் பன்றி கிளறிய சேற்றில் ஆம்பல் கிழங்கோடு ஆமை முட்டையையும் பெறும் பெண்கள் வருகிறார்கள். ஆனால் அந்தச் சேற்றுக்கு அருகில் சரக்குந்து நிற்கவில்லை. முட்டையிடும் மணல்திட்டுகளை எவரும் அள்ளிச் சென்றுவிடவுமில்லை. அன்றைய வழக்கத்தைக் காட்டி இன்றைய வேட்டையை நியாயப்படுத்துவது, பாடலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வதாகும்.

ஆமையின் வாழ்க்கைக் கணக்கும் வேறானது. குஞ்சுகளுள் பெரும்பாலானவை மடிந்துபோகும். தப்பியவை முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் ஆகும். நெடுங்காலம் வாழ்ந்து திரும்பத் திரும்ப முட்டையிடும் தாய் ஆமைகளாலேயே இனம் நிலைக்கிறது. மீனைப் போல் ஆண்டுதோறும் அறுவடை செய்துகொள்ளலாம் என்பது ஆமைக்குப் பொருந்தாது. வேட்டையில் முதலில் போவதோ இறைச்சி மிகுந்த அத்தாய் ஆமைகளே.

வறியோரின் உணவைப் பறிக்கலாமா என்ற வினாவை நாம் எளிதாகக் கடந்துவிட விரும்பவில்லை. முதல் அட்டவணையில் உள்ள பாலாமை ஒன்றைப் பிடித்தவனுக்கும் மூட்டை மூட்டையாய்க் கடத்துபவனுக்கும் சட்டம் விதிப்பது அதே 3 முதல் 7 ஆண்டுச் சிறையும் 2022 திருத்தத்துக்குப்பின் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமுமே. இதில் எளிதில் அகப்படுபவன் யாரென்று சொல்லத் தேவையில்லை. நம் கருத்து இதுதான்: தடை இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும்; துரத்த வேண்டியது சேகரித்து விற்கும் தரகனை. குளக்கரை மனிதனைத் தண்டித்து மட்டும் திருத்த இயலாது. சம்பல் ஆற்றங்கரையில் ஊர்மக்களே ஆமைக் கூடுகளைக் காக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கிறார்கள். நம் மீனவர்களையும் அவ்வாறு கூலி கொடுத்துக் காவலர்களாக்கலாம்.

ஆனால் மூல நோய்க்கு நல்லதென்று விலை கொடுத்து ஆமைக்கறி தேடும் வசதிபடைத்தோருக்கு வறுமையைக் காரணம் காட்டும் உரிமையில்லை. அந்நம்பிக்கைக்கு மருத்துவ அறிவியலில் ஆதாரமும் இல்லை. படித்தவர் வீடுகளிலும் அது நிலவுகிறது என்பதே நமக்கு வெட்கம். கேட்பவர் இல்லையேல் பிடிப்பவரும் குறைவர்.

நீரில் அழுகுவனவற்றைத் தின்று ஆற்றைத் தூய்மையாக்கும் உயிர் அது. தன்னைக் காத்துக்கொள்ள ஓட்டுக்குள் ஒடுங்குவதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. அந்த ஓடு மனிதனிடமிருந்து அதைக் காப்பதில்லை. அடங்க வேண்டியது இப்போது நம் நாவே.