கோயில் காட்டுக்கு எல்லைக்கல் நடுங்கள்



எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டுக்குள் சென்ற மாதம் ஜேசிபி இறங்கிவிட்டது. குடமுழுக்குக்கு வரும் கார்களை நிறுத்த இடம் வேண்டுமாம். வீரையும் காயாவும் உசிலையும் அடர்ந்து நின்ற கிழக்குப் பக்கத்தை ஒரே பகலில் வழித்துப் போட்டார்கள். புரவி எடுப்புகளில் வைத்த பழைய மண் குதிரைகள், வேரோடு புரண்ட மரங்களுக்கு அடியில் காது வேறு கால் வேறாக நொறுங்கிக் கிடக்கின்றன.

இந்தக் காட்டுக்குள் செருப்புக் காலோடு யாரும் போனதில்லை. விறகுக்குத் தட்டுப்பாடான காலத்திலும் சுள்ளி பொறுக்கியதில்லை. திருவிழாப் பொங்கலுக்கு மட்டும், பூசாரி உத்தரவு கேட்ட பிறகு காய்ந்த கட்டையை எடுப்பார்கள். அரிவாள் பட்டால் சாமி சும்மா விடாது என்ற பயமே வேலியாக இருந்தது. இன்று காட்டை அழிப்பவர்களும் அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான். அவர்களுக்குப் பக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். கைக்காசைப் போட்டுத் திருப்பணி செய்கிறார்கள். ஆனால் கோயில் என்றால் சிமென்ட் மண்டபமும் டைல்ஸ் தரையும் என்றாகிவிட்டது. மரங்களும் சேர்ந்ததுதான் அய்யனார் கோயில் என்பதை எடுத்துச் சொன்னால் கேட்க ஆளில்லை.

அதிகாரிகளிடம் முறையிட்டோம். பதிவேட்டில் அந்த இடம் வெறும் புறம்போக்கு, கோயில் காடு என்று எங்கும் எழுதியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பல ஊர்களில் இதே கதைதான்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களை மாநில அரசு அறிவிக்க 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இடம் தருகிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு. எனவே, காடு சிறியது என்று எங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை மக்கள் திரண்டு நின்று 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார்கள். வெளியாள் வந்தால் ஊரே ஒன்று சேர்கிறது. சொந்த ஊர்க்காரர் வெட்டும்போது யாரும் வாய் திறப்பதில்லை.

மாவட்ட நிர்வாகம் உடனே இந்த வேலையை நிறுத்த வேண்டும். காட்டை அளந்து எல்லைக்கல் நட்டு, கோயில் காடு என்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கண்மாய்க்கு மேற்கே தரிசு கிடக்கிறது. வண்டிகளை அங்கே விட்டுவிட்டுப் பக்தர்கள் நடந்து வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை மாவட்டம்.